சமவெளி என்று நம்பிப் போனேன்: திருச்சியிலிருந்து பூம்புகாருக்கு ஒரு சைக்கிள் பயணம்

பிப்ரவரி மாதத்தின் இரண்டாவது வாரத்தில், திருச்சியிலிருந்து காவிரியை ஒட்டியே சென்று அது கடலில் கலக்கும் பூம்புகாரை ஒரே நாளில் அடைவது என்ற திட்டத்தோடு, ரோடு பைக் என்று சொல்லப்படும் மெல்லிய டயர் சைக்கிளில் தனியாகப் புறப்பட்டேன். பூம்புகாரை நான் அடையவில்லை. மறுநாள் மதியம் குத்தாலத்தில், செயின் அறுந்த சைக்கிளைச் சாலையோரப் புளியமரத்தில் சாய்த்துவிட்டு, திருச்சிக்கு ஏற்றிச் செல்ல ஏதாவது ஒரு வண்டி கிடைக்குமா என்று ஐந்து மணி நேரம் காத்திருந்ததுதான் மிச்சம். செலவு மொத்தம் 9,500 ரூபாய். புறப்படும் முன் நான்கைந்து பேரிடம் விசாரித்திருந்தேன். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: “மேடா பள்ளமா, தட்டையான ஊர்தானே, கண்ணை மூடிக்கொண்டு போகலாம்.” அப்படி யாரும் கண்ணை மூடிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் தலைக்கனத்தையும் முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்காமல் மிதித்து ஏறி, ஆகாய கங்கை அருவி வரை போய் வந்தவன் நான். மலையும் அருவியும் இருக்கும் இடத்தில்தான் சைக்கிள்காரனுக்குச் சோதனை, வயலும் வாய்க்காலும் இருக்கும் இடத்தில் வெறும் உல்லாசம் என்று நினைத்திருந்தேன். காவிரியே ஒகேனக்கலில் பாறைகளுக்கிடையே விழுந்து சிதறிவிட்டு, டெல்டாவுக்கு வந்ததும் படுத்துக்கொள்கிற ஆறு அல்லவா. போதாக்குறைக்கு, ஆறு ஓடும் திசையிலேயே போகிறோம், அதனால் இறக்கமாகத்தான் இருக்கும் என்றும் கணக்குப் போட்டேன். கல்லணையிலிருந்து கடல் வரை நிலம் இறங்குவது ஏறக்குறைய 60 மீட்டர்தான். அது 130 கிலோமீட்டருக்குப் பரவிக் கிடக்கிறது என்றால் ஒரு கிலோமீட்டருக்கு அரை மீட்டர்கூட இல்லை. அந்த இறக்கத்தைத் தண்ணீர் உணரும், சைக்கிள் உணராது.

சனிக்கிழமை அதிகாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு, சர்க்கார்பாளையம், வேங்கூர் வழியாகத் தென்கரைச் சாலையில் கல்லணையை அடைந்தபோது இன்னும் முழுதாக விடியவில்லை. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28ஆம் தேதியோடு மூடிவிடுவதால் ஆற்றில் தண்ணீர் குறைந்து, நடுநடுவே மணல் திட்டுகள் தெரிந்தன. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று ஆறு நான்காகப் பிரியும் அந்த இடத்தில், பனி மூட்டத்துக்குள் ஷட்டர்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்துக்கொண்டு பாலத்தைக் கடந்தது, அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த கலப்பற்ற மகிழ்ச்சி. தோகூர், கோவிலடி தாண்டித் திருக்காட்டுப்பள்ளி வரை சாலையில் ஆளில்லை, காற்றில்லை. மணிக்கு 26 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். ஏழே கால் மணிக்கு இட்லி, வடை, பொங்கல் என்று ஒரு கை பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு மயிலாடுதுறைக்குப் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் தவற்றை அங்கேதான் செய்தேன். தார்ச்சாலை ஊருக்குள் வளைந்து போக, கைப்பேசி வரைபடத்தில் ஆற்றை ஒட்டியே நேராக ஒரு கோடு தெரிந்தது. அது கரை ரோடு. நீர்வளத் துறையினர் கரையைப் பார்வையிடவும், மாட்டு வண்டியும் டிராக்டரும் போய் வரவும் பயன்படுகிற மண் தடம். சில இடங்களில் அதற்குத் தார் போட்டிருப்பார்கள், சில இடங்களில் கப்பி மட்டும் கொட்டியிருப்பார்கள், சில இடங்களில் ஒன்றுமே இருக்காது. வரைபடத்தில் மூன்றும் ஒரே கோடுதான். மூங்கில் புதர்களின் நிழலும் பக்கத்திலேயே ஆறுமாக இரண்டு கிலோமீட்டர் அருமையாகத்தான் இருந்தது. பிறகு கரையின் சரிவில் சீமைக் கருவேலம் தொடங்கியது. யாரோ முள்ளை வெட்டித் தடத்தின் ஓரமாகப் போட்டிருந்தார்கள். காய்ந்த கருவேல முள் மண்ணின் நிறத்திலேயே இருக்கும். கண்ணுக்குத் தெரிவதற்குள் முன்சக்கரம் இறங்கிவிட்டது. கையிலிருந்த ஒரே மாற்று டியூபை அதற்குப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், பின்சக்கரமும் மெதுவாகக் காற்றை விட்டுக்கொண்டிருந்தது.

ஒட்டுப் போடலாம் என்று பையைத் திறந்தேன். பேட்ச் இருந்தது, உப்புத்தாள் இருந்தது, சொல்யூஷன் டியூபைப் பிதுக்கினால் எதுவும் வரவில்லை. ஒருமுறை திறந்த சொல்யூஷன், எவ்வளவு இறுக்கி மூடினாலும் சில மாதங்களில் உள்ளுக்குள்ளேயே காய்ந்துவிடும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. திறக்காத புது சொல்யூஷன் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், மாற்று டியூப் குறைந்தது இரண்டு இருக்கட்டும். கரை ரோட்டில் போயே ஆக வேண்டும் என்று ஆசையிருந்தால் அகலமான டயர் உள்ள வேறு சைக்கிளில் போங்கள். 25 மில்லிமீட்டர் டயருக்கும் கருவேல முள்ளுக்கும் ஒத்துவராது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தார்ச்சாலைக்கு வந்து, நடுக்காவேரிப் பக்கம் ஒரு பஞ்சர் கடையைக் கண்டுபிடித்தேன். கடைக்காரர் நல்ல கைக்காரர். தண்ணீர் நிரப்பிய இரும்புச் சட்டியில் டியூபை அழுத்தி, குமிழி வந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு, ஐந்து நிமிடத்தில் ஒட்டிவிட்டார். சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. என் டியூபில் இருந்தது பிரெஸ்டா வால்வு. சாதாரண சைக்கிளின் வால்டியூப் போட்ட வால்வும் இல்லை, மோட்டார் சைக்கிளின் தடித்த வால்வும் இல்லை, பேனா ரீஃபில் போல ஒல்லியாக இருப்பது. அதன் நுனியில் உள்ள சின்ன மரையைத் திருகித் தளர்த்தினால்தான் காற்று உள்ளே போகும். “இந்த மாதிரி வால்வை இப்பதான் தம்பி பாக்குறேன்” என்று சொல்லிவிட்டு கம்ப்ரசர் குழாயை அதன் மேல் எப்படி வைத்துப் பார்த்தாலும் காற்று பக்கவாட்டில்தான் பீறிட்டது. கடைசியில் என்னுடைய கைப்பம்பிலேயே இருநூறு முறைக்கு மேல் அடித்தேன். ரோடு பைக் டயருக்கு வேண்டிய அழுத்தத்தில் பாதிகூட ஏறவில்லை. பிரெஸ்டாவை மோட்டார் சைக்கிள் வால்வாக மாற்றித் தரும் பித்தளை அடாப்டர் ஒன்று ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது, சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். அது என்னிடம் இருந்திருந்தால், டெல்டாவில் எந்தப் பஞ்சர் கடையின் கம்ப்ரசரும் எனக்குப் பயன்பட்டிருக்கும். முள், தள்ளல், பம்பு எல்லாமாக இரண்டரை மணி நேரம் போனது. திருவையாற்றில் நுழையும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது.

அதற்குள் காற்று எழுந்துவிட்டது. டெல்டாவில் மலை இல்லை என்றேன், அந்த வேலையைக் காற்று பார்த்துக்கொள்கிறது. தை, மாசியில் காற்றின் போக்கு வடகிழக்கிலிருந்துதான். அதோடு வெயில் ஏற ஏற, கடல் பக்கத்திலிருந்து வரும் கொண்டல் காற்றும் சேர்ந்துகொள்கிறது. அறுப்பு முடிந்த வயல்களில் அதைத் தடுக்க ஒன்றும் கிடையாது. காலையில் 26இல் போன வண்டி, அதே மூச்சைப் பிடித்து மிதித்தும் 17ஐத் தாண்ட மறுத்தது. மலையில் ஏறுகிறவனுக்கு உச்சி என்று ஒன்று கண்ணில் தெரியும், ஏறி முடித்தால் இறக்கத்தில் காலை ஆட்டாமல் உட்கார்ந்திருக்கலாம். எதிர்காற்றுக்கு உச்சி கிடையாது. சமவெளியில் மிதிப்பதை நிறுத்தினால் வண்டியும் நின்றுவிடும் என்பதால் கால், கை, முதுகு, உட்காரும் இடம் எதற்கும் ஓய்வில்லை. உள்ளங்கை மரத்துப் போய், கியர் மாற்றும்போது விரலால் நெம்புகோலைத் தொடுகிறேனா இல்லையா என்றே தெரியவில்லை.

திருப்பழனம், திங்களூர், கணபதி அக்ரகாரம் என்று தொடர்ந்த அந்தச் சாலை அழகான சாலைதான். எனக்குத்தான் அழகைப் பார்க்கும் மனம் இல்லை. நிழலுக்குக் கோயிலில் உட்காரலாம் என்று நினைத்தது இன்னொரு தப்புக்கணக்கு. பன்னிரண்டு மணியோடு நடை சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். நண்பகல் ஓய்வுக்கு நம்பத்தக்கவை டீக்கடைப் பெஞ்சும் பேருந்து நிழற்குடையும்தான். தண்ணீர் பற்றிக் கவலையில்லை, இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒரு கடை வந்துவிடுகிறது.

சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்த காலம் அது. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். இயந்திரம் அறுத்த நெல் அதைவிட ஈரமாக இருக்கும், காயவைக்கக் களம் எல்லோருக்கும் இருக்காது. எனவே தார்ச்சாலையின் ஒரு பாதி களமாகிவிடும். நெல்லைப் பரப்பி, வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் கருங்கல்லும் பனங்கட்டையும் வைத்திருப்பார்கள். மீதிப் பாதியில்தான் பேருந்து, நெல் லாரி, டிராக்டர், நாம் எல்லோரும். இதில் விவசாயிகள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் போகிறவர் தெரிந்துகொண்டு போக வேண்டும். சிதறிய நெல்மணியின் மேல் மெல்லிய டயர் ஏறினால் குண்டு பேரிங் மேல் ஏறியது போல வழுக்கும். அதில் பிரேக் பிடிக்கவே கூடாது. மாலையில் நெல்லை அள்ளிய பிறகு கற்கள் மட்டும் சாலையில் மறந்து கிடக்கும் என்பதால், அந்த மாதங்களில் இருட்டிய பின் இந்தச் சாலைகளில் சைக்கிள் ஓட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நெல்லுக்குப் பயந்த நான் வைக்கோலை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கபிஸ்தலத்தைத் தாண்டியதும் வைக்கோல் கட்டு ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் போனது. அதன் பின்னால் ஒட்டிப் போனால் எதிர்காற்று அடிபடாது என்ற சின்னப் புத்தி எனக்கு. உதிர்ந்து விழுந்த வைக்கோல் மேலேயே பத்து நிமிடம் சுகமாகப் போனேன். திடீரென்று பெடல் கல்லில் மோதியது போல நின்றது, பின்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால், பின்சக்கரத்தில் கியரை மாற்றித் தரும் டீரெய்லர், தன்னுடைய இரண்டு குட்டிப் பல்சக்கரங்களிலும் வைக்கோலைக் கயிறு போலச் சுற்றிக்கொண்டு, ஆரக்கம்பிகளுக்குள் மடங்கிக் கிடந்தது. அதைச் சைக்கிளின் சட்டத்தோடு பிணைக்கும் ஹேங்கர் என்னும் அலுமினியத் துண்டு இரண்டாக முறிந்திருந்தது. இப்படி ஏதாவது சிக்கும்போது சட்டம் உடையாமல் தான் உடைய வேண்டும் என்பதற்காகவே அந்தத் துண்டை மென்மையாகச் செய்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு சைக்கிள் மாடலுக்கும் அது வேறு வேறு வடிவம். என் சைக்கிளுக்கு உரியது வழியில் எந்த ஊரிலும் கிடைக்கவில்லை. பின்னாளில் வரவழைக்க ஒன்பது நாட்கள் ஆயின. உங்கள் சைக்கிளுக்குரிய ஹேங்கர் ஒன்றை இன்றே வாங்கிப் பைக்குள் போட்டுவிடுங்கள். தீப்பெட்டியைவிடச் சிறியது, 750 ரூபாய்.

மணி ஒன்றரை. நடக்கத் தொடங்கினேன். அப்போதுதான் காலில் இருப்பது பெடலில் பூட்டிக்கொள்ளும் ஷூ என்பது நினைவுக்கு வந்தது. அதன் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் கிளீட் நடப்பதற்கானது இல்லை. குதிகால் தாழ்ந்தும் விரல் பக்கம் உயர்ந்தும் வாத்து போல நடக்க வேண்டும், ஒவ்வொரு அடிக்கும் கிளீட் தேயும். அரைக் கிலோமீட்டரில் அதைக் கழற்றிவிட்டு வெறும் சாக்ஸில் நடந்தேன். மாசி வெயில்தானே என்று நினைத்தால் தார் சுட்டது. மறுபடியும் மாட்டிக்கொண்டேன். கொஞ்ச தூரம் கிளீட், கொஞ்ச தூரம் சாக்ஸ் என்று மாற்றி மாற்றி நடந்ததில் 650 ரூபாய் கிளீட்டும் தேய்ந்தது, பாதமும் கொப்பளித்தது. எதிரே வந்த பள்ளிக்கூடப் பையன்கள் இருவர், “அண்ணே, சைக்கிள் எத்தனை லட்சம்?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. தனியாக நீண்ட தூரம் போகிறவர் சாதாரண ஷூவில் போகலாம். இல்லையென்றால் கிளீட் உள்ளடங்கியிருக்கும் வகை ஷூவாவது போட்டுக்கொள்ளலாம்.

சுவாமிமலைக்குச் சற்று முன்னால் கீற்றுக் கொட்டகை போட்ட ஒரு சைக்கிள் கடை இருந்தது. அறுபது வயதைத் தாண்டிய பெரியவர், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, வாயைத் திறக்காமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு, “இது இல்லாம ஓடுனா போதுமா?” என்று டீரெய்லரைக் காட்டிக் கேட்டார். போதும் என்றேன். செயினை ஒரு நட்டின் மேல் வைத்து, மழுங்கிய ஆணியையும் சுத்தியலையும் கொண்டு ஒரு கண்ணியின் பின்னைத் தட்டி வெளியேற்றினார். டீரெய்லரைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, செயினை நீளம் குறைத்து, முன்னால் ஒரு பல்சக்கரம் பின்னால் ஒரு பல்சக்கரம் என்று நேராகப் பூட்டி, பின்னை மறுபடியும் அடித்து இறக்கினார். கியர் சைக்கிள் முக்கால் மணி நேரத்தில் ஒற்றைக் கியர் சைக்கிளானது. நூற்றைம்பது ரூபாய்தான் கேட்டார். செயினை வெட்டி இணைக்கும் கையடக்கக் கருவியும், ஆணி அடிக்காமலே கோத்துக்கொள்ளும் இணைப்புக் கண்ணி ஒன்றும் கைவசம் இருந்தால் இதை நாமே நடுச்சாலையில் செய்துகொள்ளலாம். டெல்டாவுக்கு ஒற்றைக் கியரே தாராளம்.

பெரியவர் அனுப்பும்போதே சொன்னார்: “செயின் தொய்வாத்தான் நிக்கும். கும்பகோணத்தோட நிறுத்திக்குங்க.” பழைய சைக்கிள்களில் பின்சக்கரத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துச் செயினை விறைப்பாக்கலாம். என்னுடையதில் அச்சு நிற்கும் வெட்டு மேலிருந்து கீழாக இருப்பதால் அதற்கு வழியில்லை. இவ்வளவையும் தெரிந்துகொண்டே, கும்பகோணத்தில் 850 ரூபாய் வாடகை அறையில் தூங்கி எழுந்த நான், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மறுபடியும் கிழக்கே மிதித்தேன். எஞ்சியிருப்பது அறுபது கிலோமீட்டர்தானே என்ற வீம்பு. இந்தப் பயணத்தில் முள்ளும் வைக்கோலும் செய்தவற்றை நான் மன்னித்துவிட்டேன், அந்த முடிவைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை. திருவிடைமருதூருக்குள் நான்கு முறை செயின் கழன்றது. ஆடுதுறையில் அது தானாகவே அடுத்த பெரிய பல்சக்கரத்துக்கு ஏறி, வில் நாண் போல விறைத்தது. குத்தாலத்தில், சுத்தியலால் அடித்த அதே பின்னில் அறுந்து விழுந்தது.

சைக்கிளோடு பேருந்தில் ஏற முடியுமா என்று இரண்டு நடத்துநர்களைக் கேட்டேன். இருவரும் உள்ளே இருந்த கூட்டத்தைக் கையால் காட்டினார்கள். குட்டியானை வண்டி பேசலாம் என்றால், முகூர்த்த நாள், எல்லா வண்டியும் சீர்வரிசைக்கும் பந்தல் சாமானுக்கும் போயிருந்தன. மாலை ஐந்து மணிக்கு ஒருவர் கல்யாண மண்டபத்திலிருந்து காலி வண்டியோடு வந்தார், திருச்சிக்கு 4,000 ரூபாய் என்றார். பேரம் பேச எனக்குத் தெம்பில்லை. புறப்படும் முன்பே வழியில் இரண்டு ஊர்களில் வண்டி எண் வாங்கி வைத்திருந்தால், அதிலும் முகூர்த்த நாளா என்று நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்திருந்தால், இதில் பாதியில் முடிந்திருக்கும். வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு புது டீரெய்லர் 2,400, செயின் 700.

அதே ஆண்டு ஜூலையில் மறுபடியும் போனேன், இம்முறை நண்பர்கள் இருவரோடு. ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறப்பது வழக்கம் என்பதால், ஆனி, ஆடியில் தண்ணீர் கடைமடை வரை போய்ச் சேர்ந்திருக்கும். குறுவை நட்ட வயல்கள் பச்சையாக இருக்கும், சாலையில் நெல்லோ வைக்கோலோ இருக்காது, எல்லாவற்றுக்கும் மேலாக மேல்காற்று முதுகைத் தள்ளும். காலை ஐந்து மணிக்குத் திருச்சியில் கிளம்பி, கரை ரோட்டுப் பக்கமே திரும்பாமல், பிற்பகல் இரண்டு மணிக்கு முன்பே பூம்புகார்க் கடற்கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டோம். மாடிக்கு மாடி ஏறி இறங்கினாலும் வலிக்காத கால்கள் அன்று இருந்தன. அதே காற்றை எதிர்த்துத் திரும்பி மிதிக்கும் எண்ணம் மூவருக்கும் இல்லை. மயிலாடுதுறையில் முன்கூட்டியே பேசி வைத்திருந்த வண்டி, தலைக்கு 1,300 ரூபாய்.

போகிற வழியில் சுவாமிமலைக்கு முன் அந்தக் கீற்றுக் கொட்டகையில் நின்றோம். பெரியவருக்கு என் முகம் நினைவில்லை, சைக்கிளைப் பார்த்ததும் தெரிந்துகொண்டு, “கும்பகோணத்தோட நிறுத்துனீங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். சிரித்தார். பையிலிருந்த பித்தளை அடாப்டர்களில் ஒன்றைக் கொடுத்து, வால்வின் மரையைத் தளர்த்தி எப்படி மாட்டுவது என்று காட்டினேன். போன மாதம்கூட இதே வால்வோடு இரண்டு பையன்கள் வந்து காற்றடிக்க முடியாமல் தள்ளிக்கொண்டே போனார்கள் என்று சொல்லியபடி, அதை ஒரு கம்பியில் கோத்து, கம்ப்ரசருக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டிக்கொண்டார்.